ஹார்டுவேர் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு, கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லினக்ஸ் டிஸ்ட்ரோக்களுக்கும் (லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் பதிப்புகள்), ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்ற பிஎஸ்டி இயங்குதளக் குடும்பத்துக்கும் "இந்தச் சாதனம் வேலை செய்யும், இது செய்யாது" என்று ஆவணம் எழுதி வைக்கிறவர்களுக்கு இந்த மடல். உங்களில் நிறையப் பேர் ஒரு பைசா வாங்காமல், வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் என்று தெரியும். அதனால் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கோபம் கொஞ்சம் இருக்கிறது, அதை ஒளித்து வைத்து எழுத எனக்கு வராது.

கோத்தகிரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது இல்லையா, அதற்குப் பிறகு கடைக்கு வரும் வேலையே மாறிவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி கேட்கிறது, ப்ராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும் என்கிறது. இங்கே ஹட்டிகள் என்கிற மலைக் கிராமங்களிலும் எஸ்டேட் ஆபீஸ்களிலும் இருக்கும் மெஷின்கள் பல அந்த வாசல்படியைத் தாண்டாது. புதுசு வாங்கப் பணம் இல்லை, இருப்பதும் நன்றாகத்தான் ஓடுகிறது, அப்புறம் என்ன, "அண்ணா, அந்த லினக்ஸைப் போட்டுக் கொடுங்க" என்று கொண்டு வந்து வைக்கிறார்கள். போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை உங்கள் பட்டியலைப் பார்ப்பது. அந்தப் பட்டியலை நம்பித்தான் சரி என்று தலையாட்டுகிறேன். தலையாட்டிய பிறகு மாட்டிக்கொள்வது நான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்த டிஸ்ட்ரோ என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஹட்டியில் இலை ஷெட். சிறு விவசாயிகள் பறித்த பச்சைத் தேயிலையை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து எடை போடும் இடம். எலக்ட்ரானிக் தராசின் பின்னால் பழைய காலத்து சீரியல் போர்ட், அதிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் ஒரு நீலக் கேபிள், கேபிளின் மறுமுனை கம்ப்யூட்டரில். மூட்டையைத் தூக்கி வைத்தால் எடை தானாகத் திரையில் ஏறும், யார் பேரில் எத்தனை கிலோ என்று பதிவாகும். அந்த மெஷினில்தான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். தராசைக் கடைக்குத் தூக்கி வர முடியாது, ஆகவே கேபிளுக்குள் இருக்கும் சிப் எது என்று மட்டும் பார்த்தேன். செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களின் அடையாள எண்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுத்ததில் கடைசி நான்கு எண் 7523 என்று வந்தது. ஆர்டுயினோ என்கிற சின்ன எலக்ட்ரானிக் போர்டின் நகல்களிலிருந்து மலிவு கேபிள்கள் வரை எல்லாவற்றிலும் இருக்கிற சிஎச்340 சிப். உங்கள் பக்கத்தில் தேடினேன். "ஆதரவு உண்டு. சிஎச்341 டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்." மூன்றே வரி. (டிரைவர் என்றால் சாதனத்தை இயக்கும் நிரல், கர்னல் என்றால் லினக்ஸின் மையப் பகுதி. 341 டிரைவர்தான் 340 சிப்பையும் பார்த்துக்கொள்ளும்.) நிம்மதியாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. தராசு பேசவில்லை. அது இலை வரும் நேரம். மூட்டைக்குள் அடைத்த இலை ரொம்ப நேரம் இருந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், ஃபேக்டரியில் கழித்துவிடுவார்கள், லாரிக்காரர் வேறு ஹாரன் அடிக்கிறார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஷெட்டில் இருந்த அக்கா ஒரு பழைய நோட்டை எடுத்து, தராசின் எண்ணைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுத ஆரம்பித்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். கேபிளைச் செருகியதும் சிஎச்341 கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு வரி. டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் இணைந்தது என்று ஒரு வரி. அதற்கு அடுத்து, பிஆர்எல்டிடிஒய் என்ற ஒரு ஆசாமி அந்த இணைப்பைக் கேட்கிறார் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. நான்காவது வரி, இணைப்பு துண்டிக்கப்பட்டது. இதெல்லாம் நடந்து முடிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. டிரைவர் வந்தது, வேலையை ஆரம்பித்தது, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார்கள்.

ஷெட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஹெத்தையம்மன் கோயில் மேட்டில் ஏறினால் ரெண்டு கோடு காட்டும். மேட்டில் ஏறிப் படித்தேன், இறங்கி வந்து டைப் செய்தேன், மறுபடி ஏறினேன். மூன்றாவது தடவை ஏறும்போது மிஸ்ட் இறங்கி எதிரே இருக்கிற கோயில்கூடத் தெரியவில்லை. விஷயம் இதுதான். பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் ப்ரெயில் டிஸ்ப்ளேக்களை இயக்கும் மென்பொருள். சில ப்ரெயில் டிஸ்ப்ளேக்களுக்குள்ளும் இதே 7523 சிப்தான் இருக்கிறது. ஆகவே அந்த எண் கண்ணில் பட்டதும், வந்தது ப்ரெயில் டிஸ்ப்ளே என்று நினைத்து அது கையைப் போட்டுவிடுகிறது. 2022 வாக்கில் வந்த சில வெளியீடுகளில் இந்தச் சிக்கல் உலகம் முழுக்க ஆர்டுயினோ வைத்திருந்தவர்களை அலைக்கழித்திருக்கிறது. நான் போட்டதும் அந்தக் காலத்து நீண்டகால ஆதரவுப் பதிப்புதான், பழைய மெஷினுக்கு அதுதான் இலகுவாக இருக்கும் என்று பென்டிரைவில் அதை வைத்திருந்தேன்.

அந்த ஷெட்டில் ப்ரெயில் டிஸ்ப்ளே யாரும் பயன்படுத்தவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அந்தத் தொகுப்பை நீக்கினேன். அப்புறமும் வரவில்லை. சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வர வேண்டும், அது வேறு ஒரு பக்கத்தில் வேறு ஒரு தலைப்பின் கீழே இருந்தது. தராசு பேசியபோது மணி ஆறு ஆகிவிட்டது. லாரி எப்போதோ போய்விட்டது.

இதில் யார் தப்பு செய்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். டிரைவர் எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். ப்ரெயில் மென்பொருளை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமே வராது, பார்வையில்லாத ஒருவர் ப்ரெயில் டிஸ்ப்ளேயைக் கம்ப்யூட்டரில் செருகிய உடனே அது அவர் விரலோடு பேச வேண்டும் என்பது என் தராசைவிடப் பெரிய விஷயம். உங்கள் பக்கம்கூட எழுதிய அன்றைக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எழுதிய நாள் என்றைக்கு? அது அந்தப் பக்கத்தில் இல்லை. எந்தக் கர்னலில், எந்த வெளியீட்டில் பார்த்து எழுதினார்கள்? அதுவும் இல்லை. வெறும் "ஆதரவு உண்டு". டிரைவர் இருக்கிறது என்பதும் வேலை செய்கிறது என்பதும் ஒன்றா? ஷெட்டில் நிற்கிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று. 2024 மே 7-இலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்று ஆனது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. அதற்கு முன்னால் எழுதி வைத்த "ஊட்டிக்கு எப்படிப் போவது" கட்டுரைகளில் இ-பாஸ் பற்றி ஒரு எழுத்து இருக்காதே. அதில் மேட்டுப்பாளையம் வழி சரி, பஸ் சரி, மலை ரயில் சரி, ஒரு தகவல்கூடப் பொய் கிடையாது. அதை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு கிளம்பி வந்தவர், கல்லாறு சோதனைச் சாவடியில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு போனில் விண்ணப்பம் நிரப்ப வேண்டியதுதான். உங்கள் பட்டியல்களைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சாவடி ஞாபகம்தான் வருகிறது.

வைஃபை விஷயத்துக்கு வருகிறேன். இதில் நிலைமை இன்னும் மோசம். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்று ஒரு யுஎஸ்பி அடாப்டர், லினக்ஸ்காரர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். அதன் முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப். திறந்த ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் நிரல்) உள்ள அபூர்வமான சிப்களில் ஒன்று, செருகினால் போதும். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் 8188 வகை. மாடல் பெயர் அதேதான், சின்னதாக பதிப்பு எண் மட்டும் மாறியது. முதல் பதிப்பை வைத்து யாரோ மகிழ்ச்சியாக எழுதிய "அருமையாக வேலை செய்கிறது" என்ற வரி, இன்றைக்கும் பல பக்கங்களில் மாடல் பெயரோடு மட்டும் நிற்கிறது. கடையில் கிடைப்பதோ பிந்தைய பதிப்பு. மாடல் பெயர் என்பது கம்பெனி விற்பதற்கு வைத்த பெயர், அதை வைத்துப் பட்டியல் போடக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். சிப் பெயரும் யுஎஸ்பி எண்ணும்தான் பேசும்.

சரி, 8188இயு சிப் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பழைய பக்கங்கள் எல்லாம் ஆர்8188இயு டிரைவரைப் போடச் சொல்லும். அது கர்னலில் ஸ்டேஜிங் என்கிற திண்ணையில் இருந்த டிரைவர், 2023-இல் அதை எடுத்துவிட்டார்கள், அதே வருஷம் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு என்கிற வேறொரு டிரைவர் இந்தச் சிப்பையும் ஏற்றுக்கொண்டது. நல்ல மாற்றம்தான், எனக்குப் புகார் கிடையாது. ஆனால் கர்னலில் எடுத்தவருக்கு உங்கள் விக்கி பக்கம் இருப்பதே தெரியாது. விக்கி எழுதியவருக்கு கர்னலில் எடுத்தது தெரியாது. டிரைவர் ஒரு வீட்டில், ஃபர்ம்வேர் இன்னொரு வீட்டில், தொகுப்பு கட்டுகிறவர் மூன்றாவது வீட்டில், ஆவணம் எங்கேயோ தெருக்கோடியில். நான்கு வீட்டுக்காரர்களும் நல்லவர்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது மட்டும் இல்லை.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், வைஃபை வேலை செய்யாதபோது வைஃபையைச் சரி செய்யும் வழி எங்கே இருக்கிறது? இணையத்தில். சென்னையில் இருக்கிறவருக்கு இது ஒரு ஜோக். இங்கே ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு மரம் ஃபைபர் மேல் சாய்ந்தால் ரெண்டு நாள் போகும். கீழே கோயம்புத்தூருக்குப் போய் வேறொரு அடாப்டர் வாங்கி வருவதென்றால் பஸ்ஸிலேயே ஒரு நாள் முடிந்துவிடும், வாங்கி வந்ததும் அதே சிப்பாக இருந்தால் (இருந்திருக்கிறது) அந்த நாளும் போச்சு, காசும் போச்சு. நெட்வொர்க் சாதனங்கள் பற்றிய பக்கங்களையாவது லினக்ஸ் நிறுவ இறக்கும் கோப்பான நிறுவல் படிமத்துக்குள்ளேயே வைத்து அனுப்புங்களேன். வெறும் எழுத்துதானே, படமா பாட்டா, எத்தனை இடம் பிடித்துவிடும்?

ஃபர்ம்வேர் பற்றி ஒன்று. 2022-இல் டெபியன் என்கிற டிஸ்ட்ரோவின் உறுப்பினர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அதிகாரப்பூர்வ நிறுவல் படிமத்திலேயே மூலநிரல் திறந்திராத, சுதந்திரமற்ற ஃபர்ம்வேரையும் சேர்த்துவிட்டார்கள். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. இருந்தாலும் "ஃபர்ம்வேர் உள்ள தனிப் படிமத்தைத் தேடி இறக்குங்கள்" என்கிற பழைய அறிவுரையை நம்பி இன்றைக்கும் பையன்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தபோது 32-பிட் இன்டெல் வகை மெஷின்களுக்கான நிறுவியும் கர்னலும் நின்றுபோயின. "பழைய நெட்புக்கா, 32-பிட் படிமத்தைப் போடுங்கள்" என்ற வரி மட்டும் இன்னும் நிற்காமல் ஓடுகிறது.

பிரிண்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. எந்த ஜெராக்ஸ் கடையிலும் பார்க்கக்கூடிய ஒரு பழைய ரக லேசர் பிரிண்டர் இருக்கிறது, அதற்குள் ஃபர்ம்வேர் தங்காது, ஸ்விட்சைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்தான் அந்தக் கோப்பை அதற்கு ஊட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகிற ஊரில் அதன் அர்த்தம் என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "ஆதரவு உண்டு" என்று எழுதியவர் கரண்ட் போகாத ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

இப்போது நான் கேட்பது. பட்டியலைப் பெரிதாக்குங்கள் என்று கேட்கவில்லை, சின்னதாக்கினால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கடைசியாக எப்போது, எந்த வெளியீட்டில், எந்தக் கர்னலில் செருகிப் பார்த்தது என்று எழுதுங்கள். இரண்டு வருஷமாக யாருமே செருகிப் பார்க்காத வரி என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள், எனக்கு அது போதும், நான் வாடிக்கையாளரிடம் "பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று சொல்லிவிடுவேன். வேலை செய்யாது என்று தெரிந்தவற்றைத் தைரியமாக வேலை செய்யாது என்று போடுங்கள். நிறையப் பேருக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது, நம் வீட்டுக் குறையை நாமே சொல்வதா என்று. வேலை செய்யாது என்ற ஒரு வரி எனக்கு ஒரு கோயம்புத்தூர் பயணத்தை மிச்சப்படுத்தும், நீங்கள் எழுதிய எந்த நல்ல வரியும் அவ்வளவு செய்ததில்லை.

இதைக் கையால் மட்டுமே செய்ய வேண்டும் என்றும் இல்லை. எந்தெந்த எண்களைத் தாங்கும் என்பது டிரைவரின் நிரலுக்குள்ளேயே இருக்கிறது, மோட்இன்ஃபோ கட்டளை கொடுத்தால் வரிசையாகக் கொட்டும். ஃப்ரீபிஎஸ்டி-யில் வெளியீட்டோடு வரும் ஹார்டுவேர் குறிப்புகளை, டிரைவர்களின் மேன் பக்கங்களில் (சிஸ்டத்தோடு வரும் கையேடு) உள்ள ஹார்டுவேர் பகுதியிலிருந்தே தயாரிக்கிறார்கள். டிரைவரைத் தொடுகிறவர் அந்தப் பக்கத்தையும் தொட்டுவிட்டால் பட்டியல் தானாக மாறும். ஓப்பன்பிஎஸ்டி-யில் மேன் பக்கத்தில் தவறு இருந்தால் அதையும் பிழையாகவே எடுத்துக்கொள்வார்கள். லினக்ஸ் ஆளான எனக்கு இதை எழுதுவதில் கொஞ்சம் வெட்கம்தான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வீடு சுத்தம். லினக்ஸ் கர்னலில்கூட ஆவணம் நிரலோடு ஒரே மூலநிரல் மரத்தில்தான் இருக்கிறது. மரத்தை விட்டு விக்கிக்கு வரும்போதுதான் எல்லாம் உதிர்ந்து போகிறது. ஒரு டிரைவரை எடுக்கிற அன்றைக்கே, அந்தப் பெயர் எந்தெந்த ஆவணத்தில் இருக்கிறது என்று தேடி ஒரு தகவலாவது தட்டிவிட ஒரு ஏற்பாடு செய்ய முடியாதா? பெயரைத் தேடுவதுதானே, எவ்வளவோ பெரிய வேலையெல்லாம் செய்கிறீர்கள்.

ஆனால் எண்ணை மட்டும் வைத்துத் தானாக வருகிற பட்டியல் என் தராசைக் காப்பாற்றியிருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். மோட்இன்ஃபோ 7523-ஐக் காட்டியிருக்கும், நானும் மறுபடி தலையாட்டியிருப்பேன். யாரோ ஒருவர் உண்மையான கேபிளை உண்மையான மெஷினில் செருகி, ஒரு நிமிஷம் காத்திருந்து, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அது தெரியும். அதற்கு ஆள் வேண்டும். அந்த இடத்தில்தான் நான் என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஷெட்டிலிருந்து திரும்பியதும், பிஆர்எல்டிடிஒய், டயல்அவுட், 9600 பாட் (தராசு பேசும் வேகம்) என்று கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அதோடு சரி. உங்களுக்கு ஒரு வரி அனுப்பவில்லை. அந்தக் காலண்டரின் பின்பக்கம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது, எந்த ஸ்கேனருக்கு எது, எந்த லேப்டாப்பில் சவுண்டு வர எதை மாற்ற வேண்டும் என்று. அதிலும் தேதி கிடையாது. உங்களைக் கேள்வி கேட்கிற நானே தேதி போடவில்லை. போன வாரம் அதில் இருந்த ஒரு குறிப்பை நம்பி ஒரு லேப்டாப்பில் அரை நாள் வீணடித்தேன், குறிப்பு இரண்டு வெளியீட்டுக்கு முந்தையது போலிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால், ரெண்டு காரணம். ஒன்று சோம்பேறித்தனம். இன்னொன்று, அனுப்பும் வழி. ஒரு பக்கத்தில் கணக்கு திறக்கச் சொன்னது, இன்னொன்றில் கிட் என்கிற நிரல் மேலாண்மைக் கருவியைக் கற்றுக்கொண்டு பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பச் சொன்னது, மூன்றாவதில் அஞ்சல் பட்டியலில் சேரச் சொன்னது. எல்லாமே இங்கிலீஷில். எனக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும். என்னைப் போல மலையிலும் சமவெளியிலும் கடை வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர், எங்கள் மேசை மேல் தினமும் வந்து போகிற அடாப்டரும் கேபிளும் உங்கள் யாருடைய சோதனைக்கூடத்திலும் இருக்காது. ஒரு சின்னப் படிவம் போதும். சாதனத்தின் எண், வெளியீடு, வேலை செய்ததா இல்லையா, ஒரு வரி குறிப்பு. அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதினால் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி.

என் டிராயரைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். யுஎஸ்பி-சீரியல் கேபிள் ஏழு, அதில் நான்கு 7523, இரண்டு புரோலிஃபிக் கம்பெனி சிப், ஒன்றின் மேல் எதுவும் எழுதவில்லை. வைஃபை அடாப்டர் பதினொன்று. புளூடூத் நான்கு. ஒரு வெப்கேம், லென்ஸில் பூஞ்சை, ஆனாலும் படம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கூட்டம் என்பதால் கடை உண்டு, திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆள் வராது. வருகிற திங்கள் ஒவ்வொன்றாகச் செருகி, டிமெசேஜைப் பார்த்து, தேதியோடு எழுதி வைக்கிறேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு சர்வீஸ் கடைக்காரன்